டிலனாயின் முகத்தை எந்த ஆண்டில் வரைவது?

பத்மநாபபுரம் அரண்மனையில் குளச்சல் போரின் முடிவைக் காட்டும் ஓவியம் ஒன்று இருக்கிறது. டச்சுப் படையோடு வந்த டிலனாய், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் சரணடையும் காட்சி அது. 1741-ல் அந்தக் கடற்கரையில் நின்ற எவரும் அதைத் தீட்டியிருக்க முடியாது என்பதும், வெகுகாலம் கழித்துக் கற்பனையில் எழுந்த படம் அது என்பதும் அதன் பாணியைப் பார்த்தாலே விளங்கிவிடும். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. வரலாற்று ஓவியங்களில் பெரும்பாலானவை அப்படித்தான் பிறக்கின்றன. என் மனத்தாங்கல் வேறு. எயுஸ்தாக்கியுஸ் பெனடிக்டுஸ் டிலனாய் என்ற அந்த மனிதர் தோற்ற பிறகு ஏறத்தாழ 36 ஆண்டுகள் நம் கல்குளம் பகுதியில் வாழ்ந்தார், கோட்டைகள் எழுப்பினார், பீரங்கி வார்த்தார், திருவிதாங்கூர்ப் படைக்கு வலிய கப்பித்தான், அதாவது தலைமைத் தளபதி, ஆனார், இங்கேயே மண்ணுக்குள் போனார். ஆயினும் அவரை நினைக்கச் சொன்னால் நம் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் முதலில் கண்ணில் நிற்பது அந்த ஒரு நாள்தான். தான் முடிவெடுக்க எதுவுமே மிச்சமில்லாத ஒரு நாளில் ஒரு மனிதனை நிறுத்தி, அவனுடைய வாழ்க்கை முழுவதற்கும் அதையே முகமாக்கிவிடுவது எனக்கு நெடுநாளாகவே உறுத்தலாக இருந்துவருகிறது.

இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. ஐரோப்பியர் என்பதாலும் கிறிஸ்தவர் என்பதாலும் டிலனாய்க்கு அந்த அரண்மனைக்குள் நுழைய அனுமதி இருந்ததில்லை என்றும், அதனால்தான் அவர் பக்கத்திலுள்ள உதயகிரிக் கோட்டையிலேயே குடியிருந்தார் என்றும் பரவலாகச் சொல்வார்கள். உயிரோடு இருந்தபோது உள்ளே போக முடியாதவர், இப்போது சரணடைந்த கோலத்தில் மட்டும் உள்ளே இடம்பெற்றிருக்கிறார். 1956-க்குப் பிறகு நாம் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டோம், அரண்மனை மட்டும் இன்றும் கேரள அரசின் பொறுப்பில் இருக்கிறது. அந்த வழக்கை இங்கே எடுக்கப் போவதில்லை.

முகத்துக்கு ஆதாரம்

இந்த உறுத்தலை மீண்டும் கிளறிவிட்டவர் தக்கலைப் பக்கத்து ஓவியர் ஒருவர். பேனர் எழுதிய காலத்தில் கைதேர்ந்தவர். பிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை விழுங்கிய பிறகு கோவில், குருசடி, பள்ளிக்கூடச் சுவர் என்று கிடைத்த இடத்திலெல்லாம் வரைகிறவர். ஊர்ப் படிப்பகம் ஒன்றில் மாட்டுவதற்காக டிலனாயின் முழு உருவப் படம் ஒன்று வேண்டும் என்று அவரிடம் கேட்டிருந்தார்கள். பின்னால் பீரங்கி, இடுப்பில் வாள், தொலைவில் வட்டக்கோட்டையும் கடலும். அவர்களுடைய பட்டியல் அவ்வளவுதான். படத்துக்குக் கீழே எழுத வேண்டிய நான்கு வரிகளுக்காக என்னிடம் வந்தவர், வரிகளைப் பற்றிப் பேசாமல் வேறொன்றைக் கேட்டார்.

“சாரே, மொகத்துக்கு ஆதாரம் என்னவாக்கும்? மூக்கு, தாடியெல்லாம் நான் பாத்துக்கிடுவேன். கண்ணு எங்க பாக்கணும்னு மட்டும் சொல்லுங்க.”

அவர் முதலில் போட்டு வைத்திருந்த பென்சில் படத்தில் டிலனாய்க்கு நரைத்த தாடி இருந்தது. பார்வை நேராக நம்மை நோக்கியிருந்தது. சுவர் விளம்பரங்களில் தலைவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. அது சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. ஏன் சரியில்லை என்று உடனே சொல்ல வரவில்லை. அதனால் கைபேசியில் வேறொரு படத்தை எடுத்துக் காட்டினேன்.

பால் தெலரோஷ் என்ற பிரெஞ்சு ஓவியர் 1840-ல் வரைந்த நெப்போலியன் படம் அது. காலம் 1814 மார்ச் 31, இடம் ஃபோந்தேன்புளோ அரண்மனை. எதிரிப் படைகள் பாரீசுக்குள் நுழைந்துவிட்டன. இன்னும் சில நாட்களில் பேரரசர் முடிதுறக்கப் போகிறார். அவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு கை நாற்காலியின் முதுகுப்புறம் தொங்குகிறது, தொப்பி தரையில் கிடக்கிறது, காலணியில் சேறு அப்பியிருக்கிறது. தெலரோஷ் அந்த அறையில் இருந்தவர் அல்லர். நிகழ்ந்து 26 ஆண்டுகள் கழித்து, நெப்போலியன் இறந்தும் 19 ஆண்டுகள் ஆன பிறகு வரைந்தார். டேவிட் என்ற முந்தைய தலைமுறை ஓவியர் அதே மனிதரை, துள்ளி எழும் வெள்ளைக் குதிரை மீது ஆல்ப்ஸ் மலையைக் கடப்பவராக வரைந்து புகழ்பெற்றிருந்தார். உண்மையில் அவர் அந்த மலையைக் கடந்தது கோவேறு கழுதையின் மேல். அதையும் பின்னாளில் தெலரோஷ்தான் வரைந்தார், குளிரில் தோள் குறுகி, கோவேறு கழுதை மேல் அமர்ந்து செல்லும் சலித்த மனிதனாக.

ஓவியர் படத்தைப் பெரிதாக்கிக் காலணியிலேயே வெகுநேரம் நின்றார். “சேறு போட்டுட்டா மொகத்துல அதிகம் வேல இல்ல, கேட்டேளா” என்றார். எனக்கு அது பெரிய பாடமாக இருந்தது. சிந்தனையை முகத்தில் எழுத முயலும் ஓவியர்கள் புருவத்தைச் சுருக்குவார்கள், கன்னத்தில் கை வைப்பார்கள், கண்ணோரத்தில் ஒரு துளி நீரைக்கூடச் சேர்ப்பார்கள். தெலரோஷ் அந்தச் சுமையை உடம்புக்கும் உடைக்கும் பிரித்துக் கொடுத்துவிடுகிறார். வெகுதூரம் விரைந்து வந்தும் பயனில்லாமல் போனது என்பதைச் சேறு சொல்லிவிடுகிறது. முகம் சும்மா இருந்தால் போதும்.

இலவசமாகக் கிடைக்கும் மன்னிப்பு

இருந்தாலும் இந்த வகை ஓவியங்களிடம் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. படைத்தலைவன் தனியாக உட்கார்ந்து யோசிப்பதாக வரைந்துவிட்டால் பார்க்கிறவர் மனம் உடனே இளகிவிடுகிறது. அவன் என்ன யோசிக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. யோசிக்கிறான் என்பதே அவனை நல்லவனாக்கிவிடுகிறது. ஃபோந்தேன்புளோ நெப்போலியன் எதை நினைத்துக் கொண்டிருக்கிறார்? தம் பதவியை, தம்மைக் கைவிட்ட தளபதிகளை, தம் மகனை நினைத்திருக்கலாம். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவின் பனியில் விட்டு வந்த சாதாரணச் சிப்பாய்கள் அந்த நினைவில் இருந்ததற்கு ஓவியத்தில் ஒரு தடயமும் இல்லை. தன் இழப்பை எண்ணித் தளர்வது எல்லா மனிதர்க்கும் இயல்பு. அதற்குப் படைத்தலைவனாக இருக்க வேண்டியதில்லை.

நம் பக்கத்து உதாரணத்துக்கு அசோகர் இருக்கிறார். கலிங்கப் போருக்குப் பின் தலைகுனிந்து நிற்கும் அசோகரின் படத்தைப் பள்ளிக்கூடத்தில் பார்க்காதவர் குறைவு. அவருடைய பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டு, அந்தப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதாகவும் ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டதாகவும் சொல்லி மன்னரின் வருத்தத்தைப் பதிவு செய்கிறது. ஆனால் அந்தக் கல்வெட்டு கலிங்கத்திலேயே இல்லை. அங்குள்ள தௌலியிலும் ஜௌகடாவிலும் அதை விட்டுவிட்டு, அதிகாரிகளுக்கான வேறு ஆணைகளைப் பொறித்திருக்கிறார்கள். அடிபட்டவர்கள் படிக்க முடியாத இடங்களில் வருத்தம் பொறிக்கப்பட்டது. அதற்கு ஆட்சிக் காரணங்கள் இருந்திருக்கலாம். இருந்தாலும் இதை அறிந்த பிறகு அந்தப் பாடப்புத்தகப் படத்தை என்னால் பழைய கண்ணோடு பார்க்க முடிந்ததில்லை.

ஆக, டிலனாயைச் சிந்தனை வயப்பட்டவராக வரையலாம் என்று ஓவியரிடம் நானே சொன்ன பிறகு, எதைப் பற்றிய சிந்தனை என்ற கேள்வி என்மேல் வந்து உட்கார்ந்தது. குளச்சலில் தோற்ற அன்று இரவு என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். முக்குவ மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சார்த்திக் கரையில் வரிசையாக நின்று, கடலிலிருந்து பார்த்தவர்களுக்குப் பெரும் சேனை போலத் தெரிந்தார்கள் என்று குளச்சலில் இன்றும் சொல்லும் கதையை நினைத்து அவர் கசப்போடு சிரித்ததாகக்கூட ஒரு சிறுகதை எழுதலாம். ஆனால் அது ஃபோந்தேன்புளோ வழிதான். தன் இழப்பை எண்ணும் தலைவனின் படம் மற்றொன்று கூடும், அவ்வளவே.

புலியூர்க்குறிச்சி

விடை உதயகிரியில்தான் கிடைத்தது. நாகர்கோவில் – திருவனந்தபுரம் சாலையில், புலியூர்க்குறிச்சியில் இருக்கும் அந்தக் கோட்டையை நம் ஊர்க்காரர்கள் டிலனாய் கோட்டை என்றே சொல்வார்கள். இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. மான் பார்க்கவும் பிள்ளைகளை விளையாடவிடவும் வருகிறவர்களே அதிகம். உள்ளே, கூரையிழந்து நிற்கும் சிற்றாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. மனைவியும் மகனும்கூட அங்கேயே அடங்கியிருக்கிறார்கள். லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டிய கல் அது. ஏறத்தாழ 37 ஆண்டுகள் மன்னருக்கு மிகுந்த விசுவாசத்தோடு ஊழியம் செய்ததையும், காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள நாடுகளைத் தம் படை வலிமையாலும் பெயர் தந்த அச்சத்தாலும் அடக்கியதையும், 1777 ஜூன் முதல் நாள் இறந்ததையும் கல் சொல்கிறது.

கோட்டையிலிருந்து வெளியே வந்தால், அதே புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை. விலங்கிட்டு இழுத்து வரப்பட்ட தேவசகாயம் பிள்ளை தாகம் தாங்காமல் முழங்கையால் இடித்தபோது நீர் சுரந்ததாக நம்பப்படும் பாறை. இந்த இரண்டு இடங்களுக்கும் நான் பலமுறை போயிருக்கிறேன், ஆனால் வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு மனநிலையில். கோட்டைக்கு வரலாற்றுக்காக, பாறைக்கு வீட்டுப் பெரியவர்களின் நேர்ச்சைக்காக. ஒரே பிற்பகலில் இரண்டையும் பார்த்த அன்று, கல்லறையில் படித்த 37 என்ற எண் பாறையருகே வந்து நின்ற பிறகும் மனத்தை விடவில்லை. அந்த 37 ஆண்டுகளுக்குள்ளேதான் 1752-ம் இருக்கிறது.

நட்டாலத்து நீலகண்ட பிள்ளையின் கதை இங்கே யாருக்கும் புதிதல்ல. கால்நடைகளையும் விளைச்சலையும் இழந்து வாடியிருந்த அந்த அரண்மனை அலுவலருக்கு, உதயகிரியில் பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னவர் டிலனாய்தான் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1745 மே மாதம் வடக்கன்குளத்தில் நீலகண்ட பிள்ளை திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749 பிப்ரவரியில் கைது. மூன்று ஆண்டுகள் அலைக்கழிப்பு, எருமை மேல் பின்னோக்கி உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துச் சென்ற அவமானம். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் மன்னரின் வீரர்கள் அவரைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார்கள். தண்டனைக்குக் காரணம் மதமா, அரச துரோகமா என்று வரலாற்று ஆசிரியர்களிடையே நெடுநாளாக வாதம் இருக்கிறது. 2022 மே 15 அன்று ரோமில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோதும் அந்த வாதம் ஓயவில்லை. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரு செய்தி மாறப்போவதில்லை. பெரும்பாலும் வாளும் வேலுமாக இருந்த அந்தப் படையை ஐரோப்பிய முறைத் துப்பாக்கிப் படையாகப் பழக்கியவர் டிலனாய். தம்மிடம் ஆறுதல் பெற்ற மனிதரைத் தாம் பழக்கிய படையின் துப்பாக்கிகள் சுட்டன என்ற செய்தி, அன்று மாலையோ மறுநாளோ உதயகிரிக்கு வந்து சேர்ந்திருக்கும்.

வரைய வேண்டிய நேரம் அதுதான் என்று எனக்குப் பட்டது. குளச்சலில் அவர் இழந்தது தம்முடைய வேலையையும் விடுதலையையும். ஆரல்வாய்மொழியில் இழக்கப்பட்டது இன்னொருவருடைய உயிர், அதில் தம் தொழிலுக்கும் பங்கு உண்டு. அதற்கு முந்தைய ஜனவரிகளில் ஒன்றில், 1750-ல், மார்த்தாண்ட வர்மா தம் நாட்டையே பத்மநாப சுவாமிக்குத் திருப்படித்தானமாக எழுதிக் கொடுத்து, தாசனாக ஆளத் தொடங்கியிருந்தார். அத்தகைய அரசில், அரண்மனைப் படி ஏற முடியாத கத்தோலிக்கப் படைத்தலைவர் ஒருவர், மன்னரின் தீர்ப்பைப் பற்றி என்ன பேசியிருக்க முடியும், எவ்வளவு பேசியிருக்க முடியும்? வடக்கே போர்கள் முடிந்தபாடில்லை. அடுத்த ஆண்டே, 1753-ல், அவருடைய பழைய எசமானர்களான டச்சுக் கம்பெனியார் மாவேலிக்கரையில் திருவிதாங்கூரோடு உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அவர் கட்டிய வெற்றிகள் ஒவ்வொன்றாகக் கூடிவந்த காலம் அது. ஃபோந்தேன்புளோ படத்தில் இருப்பவர் இப்படி எல்லாம் கைகூடும் வேளையில் உட்கார்ந்து யோசிக்க நேர்ந்த தலைவர் அல்லர்.

இதை வீட்டில் சொன்னபோது என் சித்தப்பா ஒரே அடியில் வெட்டினார். அவர் ஓய்வுபெற்ற ராணுவத்தார். “கூலிக்குச் சண்டை போட வந்தவனுக்கு எதுக்குடே இவ்வளவு சோகம்? சம்பளம் குடுத்தவனுக்கு வேல செஞ்சான். நீ ஒண்ணும் சேக்காண்டாம்” என்றார். அவர் சொன்னதில் பாதி எனக்கும் உடன்பாடுதான். சோகத்தை நாம் சேர்க்கக்கூடாது. அவர் அழுதார் என்று வரைய நமக்கு உரிமையில்லை. அதேபோல, கோவில் சுவர்களில் சிலர் விரும்புவதைப் போல அவரைப் புனிதருக்குப் பக்கத்தில் கைகூப்பி நிறுத்தி, எல்லாக் கணக்கையும் தீர்த்துவிடுவதும் எனக்கு ஒப்பவில்லை. தேவசகாயத்துக்கென்று ஒரு கோலம் நிலைத்துவிட்டது: விலங்கிட்ட கைகள், ஊன்றிய முழங்கால், மேல்நோக்கிய கண்கள். அந்தக் கண்களுக்குப் பார்க்க ஓரிடம் இருக்கிறது. டிலனாயின் கண்களுக்கு அப்படியோர் இடத்தைத் தருவது எளிதன்று. மேலே பார்த்தால் பக்தராகிவிடுவார், கீழே பார்த்தால் குற்றவாளியாகிவிடுவார், நம்மைப் பார்த்தால் மறுபடியும் சுவர் விளம்பரம்.

ஸ்பெயின் நாட்டு வெலாஸ்கெஸ் 1635 வாக்கில் வரைந்த பிரேடா நகரச் சரணாகதிப் படத்தை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன். அதுவும் தோற்ற டச்சுக்காரர் ஒருவர் வென்றவரிடம் சாவியைக் கொடுக்கும் படம்தான். வென்ற ஸ்பினோலா, குனிய வருகிறவரின் தோளில் கை வைத்துத் தடுக்கிறார். இருவர் கண்ணையும் விட அந்தக் கையே படம் முழுவதையும் தாங்கி நிற்கிறது. கண்ணைப் பற்றிய கவலையை விட்டுக் கையைப் பற்றி யோசிக்கலாம் என்ற துணிவு எனக்கு அதிலிருந்து வந்தது.

ஓவியரிடம் போய், பீரங்கியையும் வட்டக்கோட்டையையும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். படிப்பகத்தார் ஒப்பமாட்டார்கள் என்றார். பிறகு அவரே, பீரங்கி முழுதாக வேண்டாம், உதயகிரியின் வார்ப்புப் பட்டறை வெளிச்சம் மட்டும் சன்னலில் விழட்டும், பட்டறை உள்ள கோட்டை என்று தெரிந்துவிடும் என்று வழி சொன்னார். நரைத்த தாடியையும் எடுக்கச் சொன்னேன். 1752-ல் அவருக்கு 36, 37 வயதுதான் இருக்கும். கல்லறை எழுத்தைப் பார்த்துப் பார்த்து அவரை நாம் எப்போதும் கிழவராகவே நினைத்துவிடுகிறோம். முன்னால் ஒரு மேசை. அதில் படைக் கணக்கு, எழுதுகோல். ஒரு கை கணக்கின் மேல் இருக்கிறது, எழுதவில்லை. மறு கை மேசைக்குக் கீழே போய்விட்டது, நமக்குத் தெரியாது. பார்வை தாளுக்கும் சன்னலுக்கும் நடுவில் எங்கோ நிற்கும்; அதை மட்டும் தம்மிடம் விட்டுவிடும்படி ஓவியர் கேட்டுக்கொண்டார்.

வாளைப் பற்றித்தான் எங்களுக்குள் கடைசிவரை பேச்சு நீண்டது. சுவரில் மாட்டிவிடலாம் என்றேன் நான். அவர் மறுத்தார். “சொவத்துல மாட்டினா வேலய விட்டுட்டாருன்னு ஆயிரும் சாரே. அவரு விடல்லியே.” யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. அந்த ஜனவரிக்குப் பிறகும் 25 ஆண்டுகள் டிலனாய் அதே அரசின் படைத்தலைவராகவே இருந்தார், மார்த்தாண்ட வர்மா மறைந்து கார்த்திகைத் திருநாள் ராமவர்மா பட்டமேற்ற பின்னும். யோசித்தது உண்மையாக இருந்தாலும், யோசித்து முடித்த பிறகு எழுந்து பணிக்குப் போனதும் உண்மை. ஆகவே வாள் இடுப்பிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். உட்கார்ந்திருப்பவரின் தொடையில் அதன் உறை உறுத்திக்கொண்டு, நாற்காலியைச் சற்றே கோணலாகப் போட வைத்திருக்கும்படி வரைகிறேன் என்றார். படத்துக்குக் கீழே நான்கு வரிக்குப் பதில் பெயரும் “உதயகிரி, 1752” என்பதும் மட்டும் போதும் என்று எழுதிக் கொடுத்தேன். அது என்ன ஆண்டு, குளச்சல் போர் நடந்தது 1741-ல் அல்லவா என்று படிப்பகத்தார் இப்போதே கேட்டு அனுப்பியிருக்கிறார்கள்.